பத்து டாலர் மனுவும் பொறியாளர் பில்லும்



மண்டி வியாபாரத்தில் இருக்கும் நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. சரக்கின் விலையை மட்டும் கேட்டு நாம் மூட்டை வாங்குவதில்லை. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, சாக்கு, எடைக்கூலி எல்லாம் சேர்த்து நம் கிடங்கில் இறங்கும்போது மூட்டை அடக்கம் என்ன என்றுதான் கேட்போம். ஆனால் அரசாங்க அலுவலகத்தில் ஓர் அனுமதிக்கு மனுப் போடும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறோம். மனுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதுவே செலவு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நினைத்த ஒருவரின் அனுபவத்தைப் பாடமாக இங்கே எழுதுகிறோம். அந்த நினைப்பில் நமக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

2018-ம் ஆண்டு மே மாதம் முதல் அக்டோபர் வரை நாமும் நம் இல்லத்தரசியும் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தோம். அவர் மின்னியாபொலிஸ் நகரை அடுத்த ஒரு புறநகரில் அரிசி, பருப்பு, மசாலாச் சாமான்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்று வருகிறார். வாடகைக் கட்டடத்தில் இடம் போதாமல், சொந்தமாகக் கிடங்கும் அதன் முன்னால் வண்டி நிறுத்தத் தார்த் தளமும் போட நிலம் வாங்கியிருந்தார். கூரையும் தளமும் சேர்த்து ஏறக்குறைய 1 ஏக்கர். நகராட்சி அனுமதி ஒருபுறம் இருக்க, இன்னொரு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்றார்கள். அதுதான் நீர்வடிப் பகுதி வாரியம்.

வாரியம் என்பது என்ன?

ஒரு கண்மாய்க்கு எந்தெந்த மேட்டிலிருந்தெல்லாம் மழைத் தண்ணீர் ஓடி வருகிறதோ, அந்த நிலம் முழுவதும் அந்தக் கண்மாயின் நீர்வடிப் பகுதி. அதற்கு ஊர் எல்லை தெரியாது. மேலே உள்ள ஊரில் ஓடையை மறித்தால் கீழே உள்ள ஊரில் பயிர் காயும். மேலே உள்ள ஊரில் எல்லா இடத்தையும் சிமெண்டு போட்டு மூடினால் கீழே உள்ள ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். ஆகவே தண்ணீரின் எல்லையையே நிர்வாகத்தின் எல்லையாக வைத்து மின்னசோட்டாவில் 1955-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி அமைந்த வாரியங்களின் நிர்வாகிகளை அந்தந்த மாவட்டக் கமிஷனர்கள் நியமிக்கிறார்கள். வாரியத்துக்குச் சொத்து வரி விதிக்கும் அதிகாரமும், விதிகள் செய்து அனுமதி வழங்கும் அதிகாரமும் உண்டு. 1967-ல் அமைந்த மின்னஹாஹா ஓடை வாரியம் இப்படிப்பட்டது.

1982-ல் இன்னொரு சட்டம் வந்தது. மின்னியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களைச் சுற்றிய 7 மாவட்டங்களிலும் ஒவ்வோர் அங்குல நிலமும் ஏதாவது ஒரு நீர்வடிப் பகுதி அமைப்பின் திட்டத்துக்குள் வரவேண்டும் என்பது அதன் சாரம். இதன்படி பல நகராட்சிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து கூட்டு வாரியங்களை அமைத்தன. பாசெட் ஓடைக்கான ஆணையத்தில் 9 நகராட்சிகள் சேர்ந்திருக்கின்றன. அந்த ஓடை கடைசியில் மின்னியாபொலிஸ் நகரின் அடியில் சுரங்கக் குழாய் வழியாகச் சென்று மிசிசிப்பி ஆற்றில் விழுகிறது. குழாயின் அளவு மாறாது. மேலே உள்ள ஊர்களில் எத்தனை கடைகள் எத்தனை தளம் போட்டாலும் அத்தனை தண்ணீரும் அந்த ஒரே வாய்க்குத்தான் வரவேண்டும். வாரியம் ஏன் கண்டிப்பாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

அந்தப் பகுதியில் பல வாரியங்களின் விதி என்னவென்றால், புதிதாகப் போடும் கூரை, தளம் ஆகியவற்றில் விழும் மழையில் முதல் 1.1 அங்குலத்தை வெளியே விடாமல் அந்த இடத்திலேயே நிலத்துக்குள் இறக்க வேண்டும். 1 ஏக்கர் தளத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 4,000 கன அடி, அதாவது 1 லட்சத்து 13 ஆயிரம் லிட்டர் வருகிறது. நம் ஊரில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 9 லாரிக்கு மேல். இவ்வளவையும் பிடித்து வைத்து 48 மணி நேரத்துக்குள் மண்ணுக்குள் விட ஒரு பள்ளம் அமைக்க வேண்டும்.

மனுக் கட்டணம் வேறு, செலவு வேறு

வாரியத்தில் மனுக் கொடுத்துவிட்டு வந்த அன்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாமா, வெறும் பத்து டாலர்தான். நகராட்சியில் கேட்டதற்கு இது ஒன்றுமே இல்லை."

அவர் சொன்னது உண்மை. அந்த மாநிலச் சட்டம் மனுவைப் பதிந்து எடுத்துக்கொள்வதற்கான கட்டணத்தை 10 டாலருக்கு மேல் போக விடவில்லை. ஆனால் அதே சட்டத்தின் அடுத்த பிரிவை அவர் படிக்கவில்லை. நாமும் படிக்கச் சொல்லவில்லை. அந்தப் பிரிவின்படி வாரியம் கள ஆய்வுக் கட்டணம் என்று தனியாக வாங்கலாம். அதற்கு 35 டாலருக்குக் குறையக் கூடாது என்று கீழ் எல்லை மட்டுமே உண்டு. மேல் எல்லை ஆன உண்மைச் செலவு. இடத்தைப் பார்வையிடுவது, திட்டத்தைப் பரிசீலிப்பது, வெளிப் பொறியாளரின் சம்பளம், பின்னால் வந்து கண்காணிப்பது எல்லாம் இந்தச் செலவில் அடக்கம்.

மூன்றாவதாக ஜாமீன். அனுமதியில் சொன்னபடி வேலை முடிப்பதற்கு வாரியம் ஒரு பிணையம் கேட்கலாம். இது செலவு அல்ல, வேலை சரியாக முடிந்தால் திரும்பி வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும், அல்லது வங்கி உத்தரவாதத்துக்குக் கமிஷன் கட்ட வேண்டும். முதல் முடங்குவது வியாபாரிக்குச் செலவுதான் என்பதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமையின் அனுமதி. 1 ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறினால் அது தனியாக வேண்டும். அதற்கு அப்போது 400 டாலர்.

எல்லா வாரியங்களும் ஒரே முறையில் வாங்குவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சில வாரியங்கள் ஏக்கர் அளவை வைத்து ஒரே தொகையாக நிர்ணயித்துவிடுகின்றன. சில முன்பணம் வாங்கி, பொறியாளர் மணிக்கணக்குப்படி கழித்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் திருப்பித் தருகின்றன. போதாவிட்டால் மேலும் கேட்கின்றன. மாப்பிள்ளை மனுக் கொடுத்தது இந்த இரண்டாவது வகை.

இரண்டு பொறியாளர், ஒரே பணப்பை

இந்தப் பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். இந்த ஏற்பாட்டில் இரண்டு பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கடைக்காரர் அமர்த்தும் பொறியாளர்; வரைபடம் போடுபவர். மற்றவர் வாரியத்தின் பொறியாளர். அந்த வரைபடத்தைச் சரிபார்ப்பவர். பெரும்பாலும் இவரும் வாரியத்தின் ஊழியர் அல்ல, வாரியம் அமர்த்தியிருக்கும் ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்தவர். இரண்டு பேருடைய மணிக்கும் காசு கொடுப்பவர் கடைக்காரர் ஒருவரே. ஆகவே முதல் பொறியாளர் வேலையை அரைகுறையாகச் செய்தால், இரண்டாவது பொறியாளரின் மணி கூடும். இரண்டு மீட்டரும் நம் கணக்கில்தான் ஓடும்.

மாப்பிள்ளைக்கு வரைபடம் போட இரண்டு கொட்டேஷன் வந்தன. ஒன்றில் மண் துளைச் சோதனை சேர்ந்திருந்தது. மற்றதில் இல்லை, தொகையும் குறைவு. குறைந்ததற்கே கொடுத்துவிடு என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர். மண்ணைத் தோண்டிப் பார்க்க ஒரு கொட்டேஷனா என்று கேலியாகக்கூடப் பேசினோம்.

ஜூன் மாதம் மனு போயிற்று. மூன்றாவது வாரத்தில் கடிதம் வந்தது: மனு முழுமையாக இல்லை, மண் சோதனை அறிக்கை இல்லை, மழை அளவும் பழைய அட்டவணைப்படி உள்ளது. 1961-ல் வெளியான அட்டவணைப்படி அந்த ஊரில் நூறாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் ஒரு நாள் மழை 6 அங்குலம். 2013-ல் வெளியான புதிய கணக்கில் அது 7 அங்குலத்தைத் தாண்டிவிட்டது. நம் பொறியாளர் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்.

சரி என்று மண்ணைத் துளைத்துப் பார்த்தார்கள். மணல் என்று நினைத்து வரைந்திருந்த இடத்தில் மூன்றடிக்குக் கீழே கெட்டிக் களிமண்.

இதன் பொருளை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறோம். அந்த மாநிலத்தின் மழைநீர்க் கையேட்டுப்படி மணல் மண்ணில் மணிக்கு 0.8 அங்குலம் தண்ணீர் இறங்கும் என்று கணக்கு வைக்கிறார்கள். 48 மணி நேரத்தில் 38 அங்குலம். ஆகவே பள்ளத்தை மூன்றடிக்கு மேல் ஆழமாக வைக்கலாம். 4,000 கன அடித் தண்ணீருக்கு 3 சென்ட் நிலம்கூட வேண்டாம். களிமண்ணிலோ மணிக்கு 0.06 அங்குலம்தான். 48 மணி நேரத்தில் 3 அங்குலம்கூட இறங்காது. அதே தண்ணீருக்கு 38 சென்ட் நிலம் வேண்டும். கிடங்கு கட்ட வாங்கிய நிலத்தில் தண்ணீருக்கு 38 சென்ட் விட்டால் லாரி எங்கே திரும்பும்? அதோடு, பெரும்பகுதி அப்படிப்பட்ட களிமண்ணாக இருக்கும் இடத்தில் நிலத்துக்குள் இறக்கும் முறையை மாநில அனுமதியே ஏற்பதில்லை. கடைசியில் மணல் வடிகட்டிப் படுகையும் அடியில் துளைக் குழாயும் வைத்து, முழு வரைபடத்தையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

அறுபது நாள் கணக்கு

அந்த மாநிலத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட மனுவை 60 நாளுக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் மனு ஏற்கப்பட்டதாகவே ஆகிவிடும். மாப்பிள்ளை இதை நம்பி ஆகஸ்டில் வேலை தொடங்கலாம் என்று காண்டிராக்டரிடம் நாள் பேசியிருந்தார். ஆனால் மனு முழுமையாக இல்லை என்று 15 வேலை நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டால் நாள் கணக்கு அங்கேயே நின்றுவிடும். குறை தீர்த்துக் கொடுத்த நாளிலிருந்துதான் மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார்கள். தேவைப்பட்டால் காரணம் எழுதி இன்னும் 60 நாள் நீட்டிக்கவும் வாரியத்துக்கு உரிமை உண்டு. போதாததற்கு நிர்வாகிகள் கூட்டம் மாதம் ஒருமுறைதான். கடைசி நாளைத் தவறவிட்டால் ஒரு மாதம் போயிற்று.

அனுமதி செப்டம்பர் கடைசியில் கிடைத்தது. அங்கே நவம்பரில் நிலம் உறையத் தொடங்கிவிடும். தார் போட முடியாது. கிடங்குச் சுவர் எழும்பியும், தளம் இல்லாமல் லாரி உள்ளே வர வழியில்லை. தளம் போட்டது 2019-ம் ஆண்டு மே மாதம். அதுவரை பழைய கட்டடத்துக்கு வாடகையும், புதிய நிலத்துக்கு வங்கி வட்டியும் சேர்ந்தே ஓடின. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை என்று தங்கை போனில் சொல்லி அழுதார். கேலி பேசிய நமக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பேரேட்டில் எழுதிப் பார்த்தால்

தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். பாடத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கை எழுதுவோம். பொறியாளர் மணி 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒழுங்கான மனு: முதல் பரிசீலனை 8 மணி, சிறு திருத்தம் 3 மணி, களப் பார்வை 4 மணி. மொத்தம் 15 மணிக்கு 2,250 டாலர்.

அரைகுறை மனு: முதல் பரிசீலனை 8 மணி, புது வரைபடத்தின் பரிசீலனை 9 மணி, மறுபடி திருத்தம் 5 மணி, களப் பார்வை 4 மணி. மொத்தம் 26 மணிக்கு 3,900 டாலர். இதோடு சொந்தப் பொறியாளர் மறுபடி வரைவதற்கு 20 மணி, 3,000 டாலர்.

வித்தியாசம் 4,650 டாலர். மண் சோதனைக்கு 2,000 டாலர் மிச்சப்படுத்தினோம் என்று நினைத்தோமே, அதுவும் மிச்சமில்லை. பின்னால் அந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டியிருந்தது. ஆறு மாத வாடகையையும் வட்டியையும் இதில் இன்னும் சேர்க்கவில்லை. 10 டாலர் மனுக் கட்டணம் இந்தப் பேரேட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பில் வந்ததும் நாம் மாப்பிள்ளையிடம் சொன்னோம்: "மொத்தத் தொகையைப் பார்க்காதே. எந்தத் தேதியில் யார் எத்தனை மணி நேரம் எதைப் பார்த்தார் என்று சிட்டை கேள்." மரியாதையாகக் கேட்டார். அவர்களும் மறுக்காமல் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி வேறு ஒருவர் மனுவுக்கு உரியது. சுட்டிக்காட்டியதும் கழித்துக் கொடுத்துவிட்டார்கள். மூட்டையை எண்ணிப் பார்த்து இறக்குவது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது.

யார் கொடுப்பது நியாயம்?

"நம்மைச் சரிபார்ப்பதற்கு நாமே ஏன் கூலி கொடுக்க வேண்டும் மாமா?" என்று மாப்பிள்ளை கோபப்பட்டார். நாமும் முதலில் அப்படியே நினைத்தோம். யோசித்துப் பார்த்தால் வேறு வழி ஒன்றுதான் இருக்கிறது. மனுதாரர் கொடுக்காவிட்டால் வாரியம் சொத்து வரியிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது இந்த வருடம் எதுவும் கட்டாத சின்னக் கடைக்காரரும், பென்ஷனில் இருக்கும் முதியவரும் நம் கிடங்குக்காகக் கொடுப்பார்கள்.

நம் மண்டிகளில் மகமை என்று ஒன்று உண்டு, எடைக்கூலி என்று ஒன்று உண்டு. மகமை பொதுக் காரியத்துக்கு, எல்லோரும் கொடுப்பது. எடைக்கூலி மூட்டை கொண்டுவந்தவர் மட்டும் கொடுப்பது. ஓடையைப் பராமரிப்பதும் ஏரியைச் சுத்தம் செய்வதும் மகமை போன்றது. சொத்து வரியில் வரட்டும். என் கிடங்கு வரைபடத்தைச் சரிபார்ப்பது எடைக்கூலி. நான் கொடுப்பதுதான் முறை.

ஆனால் எடைக்கூலி வாங்கும் இடத்தில் இரண்டு நிபந்தனை உண்டு. ரேட்டுப் பலகை வெளியே தொங்க வேண்டும். எடைபோடுபவர் ஒருவரே நிரந்தரம் என்று ஆகிவிடக் கூடாது. இரண்டாவதற்கு அந்தச் சட்டத்திலேயே வழி செய்திருக்கிறார்கள். இரட்டை நகரப் பகுதி வாரியங்கள் பொறியாளர், வழக்கறிஞர் போன்றோரை அமர்த்த இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியிலிருந்து விருப்ப மனுக்கள் கோர வேண்டும். வரி கட்டும் வியாபாரிகள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். தனி ஆளாகக் கேட்பதைவிடச் சங்கமாகக் கேட்டால் அந்தக் கேள்விக்கு எடை கூடும்.

அரசு அமைப்புகளுக்கு இந்தக் கட்டணம் கிடையாது என்பதும் சட்டம். ஒரு நகராட்சி சாலை போட்டால் அதைச் சரிபார்க்கும் செலவு பொது வரியில் போகும். இதில் குறை சொல்ல இடமுண்டு. ஆனாலும் நகராட்சிப் பணமும் நம் வரிதானே என்று சமாதானம் கொள்ளலாம்.

மனுப் போடுமுன் கேட்க வேண்டியவை

எந்த ஊரானாலும், எந்த அலுவலகமானாலும், கட்டட அனுமதிக்குப் போகும் வியாபாரி கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, பதிலைத் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

1. மனுக் கட்டணம் தவிர வேறு என்னென்ன கட்ட வேண்டும்? ஒரே தொகையா, மணிக்கணக்கா?

2. மணிக்கணக்கு என்றால் மணிக்கு எவ்வளவு? இந்த அளவுக் கட்டடத்துக்கு வழக்கமாக எத்தனை மணி ஆகிறது? குறிப்பிட்ட தொகையைத் தாண்டுமுன் நமக்குத் தெரிவிப்பார்களா?

3. ஜாமீன் எவ்வளவு? யார் கையெழுத்திட்டால், எத்தனை நாளில் திரும்பும்?

4. மனு முழுமையானது என்று சொல்ல என்னென்ன காகிதங்கள் வேண்டும்? அந்தப் பட்டியலை நம் பொறியாளரிடம் கொடுத்து, ஒப்பந்தத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும்.

5. மனுப் போடுமுன் ஒருமுறை நேரில் பேச இடமுண்டா? பல வாரியங்களில் இடமுண்டு. வரைபடத்தில் கோடு விழுவதற்கு முன் பேசும் அரை மணி நேரம், விழுந்த பின் அழிக்கும் பத்து மணி நேரத்துக்குச் சமம்.

6. கட்டி முடித்த பின் பராமரிப்பு யாருடையது? அங்கே அந்தக் கடமையை நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பதிந்துவிடுகிறார்கள். மணல் படுகையைச் சுத்தம் செய்வது ஆண்டுதோறும் வரும் செலவு. நிலத்தை விற்றால் வாங்குபவர் தலையில் ஏறும். விலை பேசும்போது அவர் அதைக் கழிப்பார்.

7. நம் சொந்தப் பொறியாளரின் தவறால் மனு திரும்பினால் மறுவரைபடச் செலவு யாருடையது? இதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இந்த ஏழு கேள்விக்கும் ஒரு காசு செலவில்லை. நாம் கேட்காமல் விட்டது இவற்றைத்தான்.

மாப்பிள்ளையின் கிடங்கு இப்போது நன்றாக நடக்கிறது. மழை பெய்த மறுநாள் மணல் படுகையில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் திறக்கிறாராம். சென்ற முறை போனில் பேசியபோது பக்கத்தில் இரண்டாவது நிலம் ஒன்று விலைக்கு வருகிறது என்றார். விலை என்ன என்று நாம் கேட்டோம்.

"விலை இருக்கட்டும் மாமா. முதலில் மண்ணைத் துளைத்துப் பார்க்க ஆள் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

வாழ்க வணிகம்.